புந்தோங்கில் ஒரு லேண்ட் ரோவர்

1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. சரியாக ஏழு வாரம் கழித்து, ஜூன் 18ஆம் தேதி, மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பேராக்கின் செம்மண் பாதைகளில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத நிலை வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ராணுவம் என்றாலே பச்சை நிற வண்டிதான்.

அப்படிப்பட்ட ஒரு வண்டி இப்போது புந்தோங்கில் என் சித்தப்பா வீட்டு முற்றத்தில் நிற்கிறது. புந்தோங் பேராக்கில் இந்தியர்கள் செறிந்து வாழும் ஈப்போவின் பகுதி. கச்சாங் பூத்தே வறுக்கும் வாசனையும் தவ்கே வளர்க்கும் கொட்டகைகளும் அதன் அடையாளங்கள். முன்பு தோட்டங்களில் இருந்தவர்கள் வேலை தேடி வந்து தங்கிய ஊர் அது. முருங்கை மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே நான்கு ஆண்டுகளாக அந்த வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார் சித்தப்பா. எழுபது வயது. ஈயச் சுரங்கப் பட்டறையில் வேலை கற்றவர். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அவரைப் போன்ற நூற்றுக்கணக்கான கைகள் கார், லோரி பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. கிந்தாவில் நல்ல மெக்கானிக்குகள் அதிகம் என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு தொழிலின் மரணம் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த வண்டியைப் பற்றியது. பழைய ராணுவ வண்டியை வீட்டில் வைத்துச் சரிசெய்வதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்த நாட்களில் எனக்கு வேறொன்று தெரிந்தது. ஒரு பழைய பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்பவர், எந்தப் பழைய நிலை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்தான் வரலாறு எழுதுவது.

*போரிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து போருக்கு*

லேண்ட் ரோவரை ராணுவ வண்டி என்று சொல்வது பாதி உண்மை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைத் தயாரித்தார்கள். போர் முடிந்ததும் அவை உலகம் முழுக்க உபரியாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றை ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் உழவுக்கும் சுமைக்கும் பயன்படுத்தினார். அது பழுதாகி ஓய்ந்தால் மாற்றாக எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1947இல் அங்குள்ள கடற்கரை மணலில் அவர் முதல் வரைபடத்தைக் கீறினார் என்பது அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற கதை. முதல் மாதிரி வண்டியே ஜீப்பின் சேஸி மேல்தான் கட்டப்பட்டது.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். சேஸியும் முன்சுவரும் மட்டும் எஃகு. ஆரம்ப கால வண்டிகளுக்கு அடித்த வெளிர்பச்சைச் சாயம்கூட விமானங்களுக்காகத் தயாராகி மிஞ்சியது என்பார்கள். விவசாயிக்காக உருவான இந்த வண்டியை 1949இலேயே பிரிட்டிஷ் ராணுவம் வாங்கத் தொடங்கிவிட்டது. ஆக, போரிலிருந்து பண்ணைக்கு வந்த ஜீப்பின் பிள்ளை, பண்ணையிலிருந்து போருக்குத் திரும்பியது. அதன் முதல் பெரிய களங்களில் ஒன்று மலாயா.

பேராக் மக்களுக்கு ராணுவ வண்டி அதற்கு முன்பே பழக்கம். 1941 டிசம்பர் 28ஆம் தேதி ஈப்போ ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த சில நாட்களில், டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை, கம்பாரில் கடும் சண்டை நடந்தது. அங்கே நின்று போரிட்டவர்களில் பெரும்பகுதி 11ஆவது இந்தியப் படைப்பிரிவினர். 1942 ஜனவரி 7 அதிகாலை சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியாகவே ஊடுருவிச் சென்று அந்தப் படைப்பிரிவைச் சிதறடித்தன. சாலை யார் கையில் இருக்கிறதோ நாடு அவர்கள் கையில் என்ற பாடத்தை அந்த ஒரு காலைப்பொழுது சொன்னது. பிரிட்டிஷார் திரும்பி வந்த பிறகு அதை மறக்கவில்லை.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர். அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும். ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசரகாலம். அதன்பிறகு தோட்டத் துரைமார்கள் தங்கள் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டார்கள். சம்பளப் பணம் எடுத்து வரும் நாள் மிக ஆபத்தான நாளாகியது. பிரிட்டனில்கூட இதன் தாக்கம் இருந்தது. சரசென் என்ற துருப்புக் கவச வண்டியை மற்ற மாதிரிகளுக்கு முன்னால் அவசரமாகத் தயாரித்ததற்கு மலாயாவின் தேவைதான் காரணம்.

*கம்பிவேலிக்கு உள்ளே இருந்தவர்கள்*

வண்டியில் போனவர்களின் வரலாறு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள், துரைமார்களின் நினைவுக்குறிப்புகள், தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் உண்டு. வண்டி கடந்து போவதை ஓரமாக நின்று பார்த்தவர்களின் வரலாறு அந்த அளவு எழுதப்படவில்லை.

1950இல் சர் ஹரோல்ட் பிரிக்ஸ் தீட்டிய திட்டத்தின்படி காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள பாசிர் பிஞ்சியும் குனோங் ராப்பாட்டும் அப்படி உருவானவை. தோட்டங்களிலோ சிதறிக்கிடந்த லயங்களைக் கலைத்து ஒரே இடத்தில் கூட்டி, அவற்றைச் சுற்றியும் வேலி போட்டார்கள். அதில் அடைபட்டவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அரிசி பங்கீட்டில் வந்தது. கடையில் விற்கும் டின் உணவைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேமித்துவைக்க முடியாதபடி விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். பால்வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. வாசலில் சோதனை நடக்கும். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவைத் தாக்கி 12 பேரைக் கொன்றார்கள். அதற்குத் தண்டனையாக ஊர் முழுவதற்கும் ஒரு நாளில் 22 மணி நேர ஊரடங்கை விதித்து அரிசியையும் குறைத்தார் டெம்ப்ளர். அதுவும் பேராக்தான்.

தமிழர்களுக்கு இன்னொரு அச்சமும் இருந்தது. மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். சங்கம் என்ற சொல்லை லயத்தில் உரக்கச் சொல்லத் தயங்கிய காலம் அது.

என் அத்தை இதையெல்லாம் தேதியோடு சொல்ல மாட்டார். அவர் சித்தப்பாவுக்குப் பதினோரு வயது மூத்தவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவசரகாலம் தொடங்கியபோது நான்கு வயதுப் பிள்ளை. முடிந்தபோது பதினாறு வயது. அவருடைய பிள்ளைப் பருவம் முழுக்க வேலிக்குள் கழிந்தது.

வண்டி புந்தோங்குக்கு வந்து சேர்ந்த வாரம் அத்தை பார்க்க வந்தார். அப்போது அதன்மேல் நீலச்சாயம் இருந்தது. "ஏதோ பழைய வண்டி" என்று சும்மா இருந்தார். சில மாதம் கழித்துச் சித்தப்பா ஒரு பக்கக் கதவைத் தேய்த்துப் பச்சையை வெளியே எடுத்திருந்தார். அன்றைக்கு அத்தை முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்:

"ஏன்டா தம்பி, இந்தக் கலர்லயா அடிக்கப் போற?"

"அதானக்கா ஒரிஜினல்."

"ஒரிஜினலாம். எங்கம்மா சோத்துத் தூக்கைத் தொறந்து காட்டச் சொன்னவன் இந்தக் கலர் வண்டிலதான் வந்தான். ஒனக்குத் தெரியாது, நீ அப்பப் பொறக்கல."

சித்தப்பாவுக்கு அந்தப் பச்சையின் பொருள் வேறு. 1955இல் பிறந்தவர். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தபோது அவருக்கு ஐந்து வயது. அவருடைய நினைவில் ராணுவ லோரிகள் என்றால் சாலையோரம் நின்று கையசைத்த ஞாயிற்றுக்கிழமைகள். பிறகு சுதந்திர நாட்டின் ராணுவம். அதில் சீருடை போட்ட தமிழர்கள் இருந்தார்கள். ஓட்டுநர்களாக, மெக்கானிக்குகளாக இருந்தார்கள். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கு ஒரே நிறம் இரண்டு வரலாறாக இருக்கிறது. பதினோரு ஆண்டு இடைவெளி போதும் அதற்கு.

*வண்டி சொல்லும் சாட்சி*

இந்த வண்டி அவசரகாலத்தில் ஓடியது அல்ல. அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ராணுவ வண்டி விற்பவர்கள் எல்லோரும் அதைக் கம்யூனிஸ்ட் காலத்து வண்டி என்றுதான் சொல்வார்கள்.

சேஸி எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் 242. 1961இல் வரத் தொடங்கிய இரண்டாம் வரிசையின் 'ஏ' வகை, 88 அங்குலச் சக்கர இடைவெளி, பெட்ரோல் எஞ்சின், வலது கைப்பக்க ஓட்டுதல், ஏற்றுமதிக்கானது என்று அந்த மூன்று இலக்கங்களும் சொல்லிவிடுகின்றன. முகப்பு விளக்குகள் நடுவில், கம்பி வலைக்கு இரு பக்கமும் நெருங்கி இருக்கின்றன. 1960களின் கடைசியில் அவற்றை இரு ஓர இறக்கைகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே இது 1961க்கும் 1969க்கும் இடைப்பட்டது.

ராணுவத்தில் இருந்ததா? பச்சைச் சாயம் சாட்சி ஆகாது. சோலிஹல் தொழிற்சாலை சாதாரண வாடிக்கையாளர்களுக்கும் கரும்பச்சை வண்டிகளை விற்றது. சாயத்துக்கு அடியில் தேட வேண்டும். முன்னிருக்கைகளுக்கு நடுவே இரண்டு பேட்டரி வைக்கும் பெட்டியின் அடையாளம் இருந்தது. அது 24 வோல்ட்டில் வானொலிக் கருவி இயங்கிய வண்டிகளில் இருப்பது. பின்பக்கம் தடித்த முட்டுத் தாங்கிகள் இருந்தன. உடல் ஓரத்தில் மண்வெட்டியும் கோடரியும் மாட்டும் பட்டைகளின் துளைகள் இருந்தன. பின் அச்சின் உருண்டையில் வெள்ளைச் சாயத்தின் மிச்சமும் அதற்கு மேலே ஒரு சிறு விளக்கின் தாங்கியும் இருந்தன. இரவில் முகப்பு விளக்கு எரியாமல் வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிற ஓட்டுநர் அந்த மங்கலான வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். இதெல்லாம் சேர்ந்தால்தான் சாட்சி.

அப்படியென்றால் இந்த வண்டி பார்த்தது இரண்டாம் எழுச்சியின் காலம். 1968 ஜூன் 17ஆம் தேதி தாய்லாந்து எல்லையருகே குரோ–பெத்தோங் சாலையில் நடந்த பதுங்கித் தாக்குதலில் பாதுகாப்புப் படையினர் 17 பேர் இறந்தார்கள். குரோ இன்றைய பெங்காலான் ஹுலு. 1975 நவம்பரில் பேராக் போலீஸ் தலைவர் கூ சோங் கோங் ஈப்போவிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்படும்வரை அதைப் போட்டவர்கள் ராணுவக் காவலில்தான் வேலை செய்தார்கள். 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அது முடியவில்லை. நம் பாடப்புத்தகங்கள் 1960ஐப் பெரிய எழுத்திலும் 1989ஐச் சிறிய எழுத்திலும் போடுகின்றன.

ராணுவம் கழித்த வண்டிகள் லெலோங்குக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர்கள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்காரர்கள், மரம் வெட்டுபவர்கள், கேமரன் மலை விவசாயிகள். இசட் எழுத்தில் தொடங்கும் ராணுவப் பலகை கழன்று, வேறு எழுத்து ஏறும். கேமரன் மலையில் செங்குத்தான ஈரச் சரிவுகளில் முட்டைக்கோசும் தக்காளியும் இறக்க இன்றுவரை பழைய லேண்ட் ரோவர்கள் ஓடுகின்றன. இந்த வண்டியும் அங்கே ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகை ஓரத்தில் கிடந்ததுதான். மாரிஸ் வில்க்ஸ் மணலில் கீறியபோது என்ன நினைத்தாரோ அந்த வேலையை, ராணுவத்தில் இருந்ததைவிட அதிக ஆண்டுகள், அது அங்கே செய்திருக்கிறது.

*துருவும் தையலும்*

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி இந்த வண்டியை வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். உடல் நன்றாகத்தான் இருக்கும். அதைத் தாங்குகிற எஃகுதான் உள்ளிருந்து அரிக்கும். சேஸி பெட்டி வடிவக் குழாய். அதற்குள் செம்மண் சேறு புகுந்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறும் இடம்தான் நோய். பின் குறுக்குச் சட்டம், சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், முன்சுவரில் ஓட்டுநர் கால் வைக்கும் குழி ஆகிய மூன்றும் முதலில் போகும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொள்ளும் இடங்களில் மின்வேதி அரிப்பு வேறு நடக்கும். அங்கே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

சித்தப்பா முதல் ஆண்டு முழுவதும் சேஸியிலேயே இருந்தார். அரித்த இடத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, புதுத் தகட்டை அளவெடுத்து வைத்து ஒட்டினார். துரு மேலேயே தகடு ஒட்டினால் ஓராண்டில் பக்கத்தில் பிளக்கும். ஒரே வீச்சில் நீளமாக ஒட்டினால் சூட்டில் சேஸி கோணும். அதனால் அங்குலம் அங்குலமாக, இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன் கதவுகளைப் பூட்டிவைத்து, இடைவெளியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். சேஸி அரை அங்குலம் வளைந்தாலும் கதவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வேலையில்தான் பழைய கைகள் தெரிய ஆரம்பித்தன. அடிப்பக்கம் முழுக்க ஒட்டு. ஓர் இடத்தில் ராணுவப் பட்டறையின் சீரான ஒட்டு. இன்னொரு இடத்தில் அவசரத்தில் போட்ட தடித்த ஒட்டு. ஒரு தாங்கிக்குப் பதிலாக வேறு ஏதோ லோரியின் இரும்பை வெட்டிச் செய்திருந்தார்கள். பிரிட்டிஷ் அங்குல அளவு போல்ட்டுகளுக்கு இடையே மில்லிமீட்டர் போல்ட்டுகள். மூடி ஒன்றுக்கு மைலோ பெட்டி அட்டையில் வெட்டிய கேஸ்கெட். "இது நம்மாளு கை" என்று சிரித்தார் சித்தப்பா. யாரென்று தெரியாது. ஆனால் எந்தச் சூழ்நிலையில், கையில் என்ன இருந்தபோது, எவ்வளவு நேரத்துக்குள் அந்த வேலை நடந்தது என்பதை அவரால் படிக்க முடிந்தது.

எஞ்சின் விஷயம் இன்னும் சிக்கல். தொழிற்சாலை போட்ட 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின் இந்த வண்டியில் இல்லை. அந்த இடத்தில் ஜப்பானிய டீசல் எஞ்சின் இருந்தது. கேமரன் மலையில் இது சர்வசாதாரணம். பெட்ரோல் செலவு கட்டாது, உதிரிபாகம் கிடைக்காது; பழைய லோரியின் டீசல் எஞ்சினை இறக்கித் தாங்கிகளை மாற்றிப் பொருத்திவிடுவார்கள். 1980களின் இறுதியில் ஈப்போவில் இந்த மாற்று வேலையைச் செய்துகொடுத்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். இந்த வண்டிக்குச் செய்தது அவரல்ல. ஆனால் இதைப்போல் பல வண்டிகளுக்கு அவர் செய்திருக்கிறார்.

*எந்த ஆண்டு?*

இரண்டாம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நல்ல விலை சொன்னார். இரண்டு நிபந்தனைகள். பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் போட வேண்டும். மங்கிய ராணுவப் பச்சை அடித்து, பலகையில் ராணுவ எண் எழுதி, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும். இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குச் சேஸி எண்ணை அனுப்பினால், வண்டி கட்டப்பட்ட தேதி, முதல் நிறம், எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள் என்றும் சொன்னார். அது உண்மை. அந்தச் சான்றிதழ் துல்லியமானது. ஆனால் அதன் வரலாறு தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடும்.

அவர் கேட்டதில் தவறில்லை. உலகம் முழுக்க ராணுவ வண்டி ஆர்வலர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். அருங்காட்சியகங்களில்கூட மினுமினுக்கும் புதுப்பச்சையில்தான் பழைய வண்டிகள் நிற்கின்றன. ஆனால் அப்படிச் செய்தால் இந்த வண்டியிலிருந்து என்னென்ன நீங்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நீலச்சாயம் நீங்கும். டீசல் எஞ்சின் நீங்கும். லோரி இரும்பில் செய்த தாங்கி, மைலோ அட்டை, மில்லிமீட்டர் போல்ட்டு எல்லாம் நீங்கும். அதாவது சோலிஹல் தொழிலாளியின் வேலையும் ராணுவத்தின் சாயமும் மிஞ்சும். கேமரன் மலை விவசாயியும் ஈப்போ மெக்கானிக்கும் காணாமல் போவார்கள். அசல் என்ற பெயரில் நம் ஆட்களின் கையெழுத்தை நாமே தேய்த்து எடுத்துவிடுவோம்.

கட்டடப் பாதுகாப்புத் துறையில் இந்தக் கேள்வியை முன்பே கேட்டுவிட்டார்கள். 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்தவற்றுக்கு மதிப்புத் தர வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது நோக்கமாக இருக்கக் கூடாது என்கிறது. இல்லாமல் போன பகுதியைப் புதிதாகச் செய்தால் அது முழுமையோடு பொருந்த வேண்டும், அதே சமயம் புதியது என்று அடையாளம் தெரியவும் வேண்டும் என்றும் சொல்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு இதே அடிப்படையில் டுரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "இதுக்கு ஒரு சாசனம் வேணுமா? பழசையும் புதுசையும் ஒண்ணா மறைச்சு அடிச்சா, நாளைக்குப் பிரிக்கிறவனுக்கு எது நம்பலாம்னு எப்படித் தெரியும்?" என்றார்.

அத்தையின் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. அவர் பச்சையை மறைக்கச் சொன்னார். சேகரிப்பாளர் பச்சையை மட்டும் காட்டச் சொன்னார். இரண்டுக்கும் காரணம் உண்டு. அத்தைக்கு ஆதரவாக என்னிடம் ஒரு வாதம் இருந்தது: துன்பப்பட்டவர்களின் முற்றத்தில் துன்பம் கொடுத்த நிறத்தைப் புதிதாகப் பூசுவது கொண்டாட்டம் ஆகிவிடும். எதிராகவும் ஒன்று இருந்தது: அந்த நிறம் முழுக்க மறைந்துவிட்டால், அது இருந்ததற்கான ஆதாரமும் வேலிக்குள் இருந்தவர்களின் சொல் மட்டுமே. அந்தச் சொல்லை எழுதிவைக்க இந்த நாட்டில் அதிகம் பேர் முன்வரவில்லை.

சித்தப்பா எடுத்த முடிவு இது. வண்டிக்குச் சாயமே அடிக்கவில்லை. இருந்த நீலம் அப்படியே இருக்கிறது, எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி. தேய்த்த கதவில் மட்டும் உப்புத்தாளால் வட்டமாக இறங்கி, ஒவ்வொரு படலத்தையும் ஒரு விரல் அகலம் விட்டு நிறுத்தினார். நீலம், அதற்கடியில் சாம்பல், அதற்கடியில் மங்கிய பச்சை, இன்னொரு கரும்பச்சை, நடுவில் வெறும் அலுமினியம். வெட்டிய மரத்தின் வளையங்கள்போல் இருக்கிறது. புதிதாகச் செய்த எஃகுப் பகுதிகளுக்கு ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து விட்டுவிட்டார். எது புதிது என்று குனிந்து பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். டீசல் எஞ்சின் அங்கேயே இருக்கிறது. எஞ்சின் மாற்றத்தைப் புஸ்பாகோம் சோதனைக்குக் காட்டி, ஜேபிஜே பதிவில் ஏற்றிக் கிரானில் குறிக்கிற வேலை நடந்துகொண்டிருக்கிறது. சேகரிப்பாளர் வேறு வண்டி வாங்கிவிட்டார்.

அத்தை அந்த வட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பச்சை இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். வண்டியில் ஏறவில்லை. இப்போதும் ஏறுவதில்லை. அவரை ஏறச் சொல்லி யாரும் வற்புறுத்துவதும் இல்லை.

புதிதாக ஒட்டிய ஒவ்வொரு தகட்டிலும் சித்தப்பா எண் அச்சுக் கட்டையால் ஆண்டைக் குத்தியிருக்கிறார். பெயரையும் குத்தச் சொன்னேன். ராணுவப் பட்டறையிலும் மலைப் பட்டறையிலும் இதைத் தொட்டவர்கள் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாமல் போனதற்கு அதுதானே காரணம் என்று வாதாடினேன். "பேரெல்லாம் எதுக்கு லா? ஒட்டு நின்னா போதும்" என்றார். இந்தக் கட்டுரையிலும் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் விருப்பப்படியே விட்டிருக்கிறேன். பின் குறுக்குச் சட்டத்தின் உள்பக்கம், வலது மூலையில், 2022 என்று இருக்கும். எழுத்துக்கட்டையை அவர் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். முன்சக்கரத்தின் திருப்பு உருண்டையிலிருந்து இன்னும் எண்ணெய் கசிகிறது. அடுத்த வாரம் அதைப் பிரிக்க வேண்டும்.